எத்தனை கிலோ விற்றால் கட்டுப்படியாகும்? சிறுதொழில் தொடங்குபவர்களுக்கு பிரேக் ஈவன் கணக்கு

இட்லி மாவு வியாபாரம் தொடங்கப்போகிறேன் என்று சொல்பவரிடம், "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ விற்றால் கையைக் கடிக்காது?" என்று கேட்டுப் பாருங்கள். கிரைண்டர் என்ன விலை, கடைக்கு எவ்வளவு அட்வான்ஸ், அரிசி எங்கே சல்லிசாகக் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் பதில் வராது. "நல்லா விற்றால் லாபம்தானே" என்பார்.

அந்த எண்ணைத்தான் பிரேக் ஈவன் என்கிறோம். பாடப் புத்தகங்களில் சமநிலைப் புள்ளி என்று இருக்கும். மொத்த வரவும் மொத்தச் செலவும் சரிக்குச் சரியாக வந்து நிற்கிற விற்பனை அளவு அது. அதற்குக் கீழே விற்றால் நஷ்டம், மேலே விற்றால் லாபம். முத்ரா கடனுக்கோ மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் மானியக் கடனுக்கோ கொடுக்கும் திட்ட அறிக்கையில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். பல நேரங்களில் அறிக்கை தயாரித்துத் தருபவரே ஏதோ ஒரு சதவீதத்தைப் போட்டுவிடுகிறார், தொழில் செய்யப்போகிறவர் அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறார். அந்த அறிக்கையில் வங்கியைவிட உங்களுக்கு அதிகம் தேவைப்படும் பக்கம் அதுதான். அதை நீங்களே ஒரு நோட்டில் போட்டுப் பார்க்க முடியும். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

மாவு வியாபாரத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: விற்றாலும் விற்காவிட்டாலும் வரும் செலவு

ஒரு பாக்கெட்கூட விற்காத மாதத்திலும் கட்டியே தீரவேண்டியது எது? அதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இதுதான் நிலைச்செலவு.

கடை வாடகை 7,500 ரூபாய். உதவிக்கு ஒருவர், சம்பளம் 12,000. கடன் வட்டி 1,500. மின் இணைப்பின் நிலைக்கட்டணம், கைபேசி, உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணத்தின் மாதப் பங்கு எல்லாம் சேர்த்து 1,500. கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் 1,20,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்து வருடம் உழைக்கும் என்றால் 60 மாதத்துக்குப் பிரித்து மாதம் 2,000. இது தேய்மானம். கையிலிருந்து பணம் போகாததால் பலர் இதை எழுதுவதில்லை. ஐந்தாம் வருடம் கிரைண்டர் நின்றுபோகும்போதுதான் அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியும்.

இதுவரை 24,500 ரூபாய் ஆகிவிட்டது. பட்டியல் முடிந்தது என்று இங்கேதான் நிறையப் பேர் கோடு போட்டுவிடுகிறார்கள். உங்கள் சம்பளம் எங்கே?

"என் தொழிலில் எனக்கு எதற்குச் சம்பளம், லாபம்தானே என் சம்பளம்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அரைத்து, பாக்கெட் போட்டு, வண்டியில் கொண்டுபோய்க் கடை கடையாகக் கொடுப்பது வேலை. அதே வேலைக்கு வெளி ஆள் வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதை எழுதுங்கள். மனைவியோ அம்மாவோ கூட நின்று அரிசி களைந்து ஊறப்போட்டுக் கொடுத்தால் அந்த உழைப்புக்கும் ஒரு தொகை எழுதுங்கள். வீட்டுப் பெண்களின் உழைப்பை இலவசமாக வைத்து ஓடும் தொழில்கள் நம்மிடையே ஏராளம். கணக்கில் லாபம் என்று தெரியும் பணம் உண்மையில் அவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட கூலிதான். நம் உதாரணத்தில் உங்கள் சம்பளம் 14,000 என்று வைப்போம். மொத்த நிலைச்செலவு மாதம் 38,500 ரூபாய்.

சொந்த வீட்டின் முன்னறையிலேயே நடத்துகிறீர்களா? அந்த அறையை வாடகைக்கு விட்டால் என்ன வருமோ அதை வாடகையாக எழுதுங்கள். கடை அட்வான்ஸ் திரும்பி வரும் பணம், அதனால் அது செலவில் சேராது. ஆனால் அதை வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் அந்த வட்டி சேரும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு கிலோவோடும் சேர்ந்து வரும் செலவு

இது மாறும் செலவு. விற்பனை கூடினால் கூடும், குறைந்தால் குறையும்.

நாலு கிலோ இட்லி அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து. அரிசி கிலோ 48 என்றால் 192 ரூபாய், உளுந்து 130, வெந்தயம், உப்பு, தண்ணீருக்கு 19. ஆக 341 ரூபாய். இதிலிருந்து 11 கிலோ மாவு கிடைப்பதாக எடுத்துக்கொண்டால் கிலோவுக்கு 31 ரூபாய். உளுந்து காணும் தன்மையைப் பொறுத்து இது கொஞ்சம் ஏறும், இறங்கும். அதனால் நீங்களே ஒரு முறை அரைத்து எடைபோட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு கிலோ பாக்கெட்டுக்குக் கவரும் லேபிளும் 2.50, அரைக்கவும் குளிர வைக்கவும் ஆகும் கரண்ட் 1 ரூபாய், வண்டி பெட்ரோல் 1.50. கூட்டினால் 36 ரூபாய்.

அப்புறம் ரிட்டர்ன். புளித்துப்போன பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார், மறுக்க முடியாது. 100 பாக்கெட் போட்டு 5 திரும்பினால், அந்த ஐந்துக்கும் ஆன செலவை விற்ற 95 பாக்கெட்தான் சுமக்கவேண்டும். ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 2 ரூபாய். ஆக மாறும் செலவு கிலோவுக்கு 38 ரூபாய்.

சில செலவுகள் இந்த இரண்டு பக்கத்திலும் அடங்காமல் இழுக்கும். மின்கட்டணம் அப்படித்தான். தமிழ்நாட்டில் வணிக இணைப்புக்குக் கிலோவாட் கணக்கில் ஒரு நிலைக்கட்டணமும், ஓடிய யூனிட்டுக்குத் தனிக் கட்டணமும் வரும். ரசீதைப் பார்த்து இரண்டையும் பிரித்து எழுதுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் ரசீது என்றால் பாதியாக்க மறக்கவேண்டாம். கூலியிலும் இதே குழப்பம் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் கூலி மாறும் செலவு. தினக்கூலி என்று பேர் இருந்தாலும் ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் வரச்சொல்லிக் கொடுக்கும் கூலி நிலைச்செலவுதான். பேரைப் பார்க்காதீர்கள், விற்பனை நின்றால் அந்தச் செலவும் நிற்குமா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: வகுத்தல்

பாக்கெட்டில் 60 ரூபாய் என்று அச்சடித்திருக்கலாம். கடைக்காரர் மார்ஜின் 8 போக உங்கள் கைக்கு வருவது 52. கணக்கில் எடுக்கவேண்டிய விலை இதுதான். 52-இல் மாறும் செலவு 38-ஐக் கழித்தால் மிஞ்சுவது 14 ரூபாய்.

இந்த 14 ரூபாய்க்குப் பங்களிப்பு என்று பெயர். இதை லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. விற்கும் ஒவ்வொரு கிலோவும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் வட்டிக்கும் எடுத்துவைக்கும் பங்கு இது. 38,500 ரூபாயை இப்படிப் பதினான்கு பதினான்காகச் சேர்க்க எத்தனை கிலோ விற்கவேண்டும்?

38,500 ÷ 14 = 2,750 கிலோ. மாதம் 30 நாளும் கடை என்றால் நாளுக்கு 92 கிலோ.

உங்கள் சம்பளத்தை எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்த்துவிடுவோம். 24,500 ÷ 14 = 1,750 கிலோ, நாளுக்கு 58 சொச்சம். ஒருவர் தினம் 60 கிலோ விற்றுக்கொண்டு "லாபத்தில்தான் ஓடுகிறது" என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் மாதத்துக்கு 1,800 கிலோ விற்று, 25,200 ரூபாய் பங்களிப்பு ஈட்டி, செலவு 24,500 போக 700 ரூபாயை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஒரு மாத விடியற்காலை உழைப்புக்கு 700 ரூபாய். வியாபாரம் நன்றாக நடக்கிறது, வீட்டில் மட்டும் பணம் நிற்கவில்லை என்று குழம்பும் குடும்பங்களில் காரணம் பல நேரம் இதுதான்.

நான்காம் படி: அந்த எண்ணை ஊரில் வைத்துப் பார்ப்பது

92 கிலோ என்று தெரிந்துவிட்டது. இது நடக்கக்கூடிய எண்ணா?

ஒரு கடையில் நம் மாவு தினம் 6 பாக்கெட் போகும் என்றால் 16 கடை பிடிக்கவேண்டும். உங்கள் வண்டி சுற்றக்கூடிய தூரத்தில் 16 கடை இருக்கிறதா? அங்கே ஏற்கெனவே என்ன மாவு விற்கிறது, எத்தனை பாக்கெட் போகிறது, சாயங்காலம் ஃப்ரிட்ஜில் எத்தனை மிச்சம்? ஒரு வாரம் நடந்து கேட்டால் தெரிந்துவிடும். கடைக்காரர்கள் சொல்லுவார்கள், தயங்காதீர்கள். இந்த நடையை நடக்காமல் கணக்கை மட்டும் அழகாகப் போட்டுவைப்பதில் பயன் இல்லை.

உங்கள் சாமான்கள் தாங்குமா என்பதும் உண்டு. கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் ஓர் ஆளும் சேர்ந்து அதிகபட்சம் நாளுக்கு 120 கிலோ செய்யலாம் என்றால், 92 என்பது திறனில் முக்கால் பங்குக்கு மேல். கொஞ்சம் இறுக்கமான தொழில்தான். முழுத் திறனில் ஓடினால் மாதம் 3,600 கிலோ, பங்களிப்பு 50,400, லாபம் 11,900.

சரி, 121-ஆவது கிலோவுக்கு ஆர்டர் வந்தால்? இன்னோர் ஆளும் இன்னொரு ஃப்ரிட்ஜும் வேண்டும். நிலைச்செலவு மாதம் 15,000 ஏறி 53,500 ஆகிறது. இப்போது பிரேக் ஈவன் 3,822 கிலோ, நாளுக்கு 128. அதாவது 120-இல் நல்ல லாபத்தில் இருந்தவர் 121-இல் நஷ்டத்துக்குப் போய்விடுகிறார். பழைய 11,900 ரூபாய் லாபத்தை மறுபடி தொடவே நாளுக்கு 156 கிலோ விற்கவேண்டும். வியாபாரத்தைப் பெருக்கும்போது பலர் மூச்சுத் திணறும் இடம் இது. 120-க்கும் 156-க்கும் நடுவே நிற்கும் அளவுக்கு மட்டும் ஆர்டர் இருந்தால் பெருக்காமல் இருப்பதே நல்லது.

ஐந்தாம் படி: விலையை ஆட்டிப் பார்ப்பது

ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடித்து நோட்டை மூடிவிடாதீர்கள். இந்தக் கணக்கின் அருமையே எதையாவது மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்வதில்தான் இருக்கிறது.

பக்கத்துத் தெருவில் இன்னொருவர் மாவு போடத் தொடங்கினார், நீங்களும் போட்டிக்காக 4 ரூபாய் குறைக்கிறீர்கள். 52 என்பது 48 ஆகிறது. எட்டு சதவீதம்கூட இல்லை, சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பங்களிப்பு 14-இலிருந்து 10 ஆகிவிட்டது. 38,500 ÷ 10 = 3,850 கிலோ, நாளுக்கு 129. விலையை எட்டு சதவீதம்கூடக் குறைக்கவில்லை, விற்பனையோ 40 சதவீதம் கூடவேண்டும், அதுவும் லாபமே இல்லாமல் நிற்பதற்கு. உங்கள் கிரைண்டரால் 129 கிலோ அரைக்கவும் முடியாது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் எடுத்த எடுப்பில் விலையைக் குறைத்து இடம் பிடிக்கலாம் என்று நினைப்பது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். பங்களிப்பு மெலிந்த தொழிலில் விலைக் குறைப்பைப் போல் ஆளைச் சாய்ப்பது வேறு இல்லை.

மாறாக 3 ரூபாய் ஏற்றி 55 ஆக்கினால் பங்களிப்பு 17, நாளுக்கு 76 கிலோ போதும். 92 கிலோவில் எத்தனை வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்று யோசியுங்கள். 16 கிலோவுக்கும் குறைவாகத்தான் போவார்கள் என்று தோன்றினால் விலையை ஏற்றுவதே உங்களுக்கு நல்லது.

உளுந்து கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் மாவில் கிலோவுக்கு ஏறுவது சுமார் 1.80 ரூபாய்தான். ஆனால் பிரேக் ஈவன் நாளுக்கு 105 கிலோவைத் தாண்டிவிடும். கத்திரி வெயிலில் மாவு சீக்கிரம் புளித்து ரிட்டர்ன் பத்து சதவீதம் ஆனால் அந்த இழப்பு 2 ரூபாயிலிருந்து 4 ரூபாய் ஆகி, அளவு 107 கிலோவுக்கு ஏறும். இதைப் பார்த்தால் வெயில் காலத்தில் கடைக்குக் குறைவாகப் போட்டு, இரண்டு வேளையாகக் கொடுப்பது ஏன் லாபம் என்று புரியும்.

வீட்டு வாசலிலேயே நேரடியாக 60 ரூபாய்க்கு விற்பது இன்னொரு வழி. மார்ஜினும் இல்லை, பெட்ரோலும் இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் கிலோவுக்கு 23.50 மிஞ்சும். மொத்த விற்பனையில் பத்தில் மூன்று பங்கு இப்படிப் போனால் சராசரிப் பங்களிப்பு 16.85, தேவை நாளுக்கு 77 கிலோ. விலையைத் தொடாமலே 15 கிலோ பாரம் குறைந்துவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதற்கு எடுக்கும் சிரமம் வீண் போகாது.

லாபம் இவ்வளவு வேண்டும் என்று வைத்தும் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் லாபம் வேண்டுமானால் அதையும் நிலைச்செலவோடு கூட்டி வகுத்தால் போதும். 48,500 ÷ 14, நாளுக்கு 116 கிலோ. இப்போது 110 கிலோ விற்கிறீர்கள் என்றால் மாதம் 3,300 கிலோ, பிரேக் ஈவனைவிட 550 அதிகம். விற்பனை ஆறில் ஒரு பங்கு விழுந்தாலும் தாங்குவீர்கள், அதற்குமேல் தாங்கமாட்டீர்கள். மழை, திருவிழா, ஒரு பெரிய கடை கைமாறுவது என்று வருடத்தில் வரும் ஏற்ற இறக்கத்துக்கு இது போதுமா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். எனக்கு இது குறைவாகப் படுகிறது.

கையில் பணம் நிற்குமா?

லாபக் கணக்கு சரியாக இருந்தும் மாதக் கடைசியில் பணம் போதாமல் போகலாம். கடன் தவணை 5,000 என்றால் அதில் வட்டி 1,500 மட்டுமே செலவுப் பட்டியலில் இருக்கிறது. அசல் 3,500 செலவு இல்லை, ஆனால் கையிலிருந்து போகிறது. தேய்மானம் 2,000 செலவு, ஆனால் கையிலிருந்து போகவில்லை. ஆகவே பணமாக வேண்டியது 38,500 − 2,000 + 3,500 = 40,000. இதை 14-ஆல் வகுத்தால் நாளுக்கு 96 கிலோ. கடன் தீரும்வரை 92-ஐ மறந்துவிட்டு இந்த 96-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். கடைகள் வாரக் கடைசியில்தான் பணம் கொடுக்கும் என்றால், குறைந்தது ஒரு வார அரிசி உளுந்துக்கான பணம் தனியாகக் கையில் இருக்கவேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "ரெண்டு வருஷத்துல போட்ட காசை எடுத்துட்டேன்" என்று சொல்வார்களே, அது பிரேக் ஈவன் இல்லை. போட்ட முதல் எத்தனை காலத்தில் திரும்பும் என்பது வேறு கணக்கு. பிரேக் ஈவனைத் தாண்டி மிஞ்சும் பணத்திலிருந்துதான் முதல் திரும்பவேண்டும், அதனால் வரிசையில் பிரேக் ஈவன் முன்னால் வரும்.

பல சாமான் விற்கும் கடை என்றால்

மளிகைக் கடையில் கிலோக் கணக்கு உதவாது. உப்பும் இருக்கும், முந்திரியும் இருக்கும். அங்கே ரூபாயில் போடுங்கள். 100 ரூபாய் விற்றால் சரக்கு விலை போக 15 நிற்கிறது, மாத நிலைச்செலவு 45,000 என்றால், 45,000-ஐ 15 சதவீதத்தால் வகுக்க 3,00,000 வரும். தினம் 10,000 ரூபாய் விற்பனை. அந்த 15 என்பது சராசரி என்பதால், மார்ஜின் குறைந்த எண்ணெய், சர்க்கரை மட்டும் அதிகம் போகும் மாதத்தில் 10,000 விற்றும் போதாது.

ஜிஎஸ்டி பதிவு செய்தவர்கள் விலையிலிருந்து வரியைக் கழித்துவிட்டு மீதியை எடுக்கவேண்டும், அந்தப் பணம் உங்களுடையது இல்லை. காம்போசிஷன் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி) முறையில் இருக்கும் உற்பத்தியாளரும் வியாபாரியும் விற்பனையில் 1 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்டவேண்டும், வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாது. ஆகவே அது மாறும் செலவில் சேரும்.

கணக்கு கைக்கு எட்டாத எண்ணைக் காட்டினால் கலங்கவேண்டாம். தொடங்குவதற்கு முன்பே தெரிந்தது பெரிய நன்மை. முதலில் நிலைச்செலவைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். கடைக்குப் பதில் வீட்டில் தொடங்கலாம், புதுக் கிரைண்டருக்குப் பதில் நல்ல நிலையில் உள்ள பழையதை வாங்கலாம், முழு நாள் ஆளுக்குப் பதில் காலையில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவரை வைக்கலாம். உதவியாளர் சம்பளம் 12,000-இலிருந்து 5,000 ஆனாலே மாதம் 500 கிலோ குறைந்துவிடும், நாளுக்கு 75 போதும். இதையெல்லாம் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் செய்யவேண்டும். கையெழுத்துக்குப் பிறகு வாடகை உங்கள் சொல்லைக் கேட்காது. தொழில் ஓடத் தொடங்கியபின் அரிசி, உளுந்து விலை மாறும்போதெல்லாம் அந்த 14-ஐத் திருத்தி, புது எண்ணைக் கிரைண்டருக்கு மேலே சுவரில் எழுதி வையுங்கள்.